ஆட்டத்தில் சேராதவர்கள்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே கேலியாகச் சொல்லிக்கொள்ளும் பட்டியல் ஒன்று உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இந்த நாலையும் நாலு துண்டுச் சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, காட்பாடியில் பத்து கார்களைக் கிளப்பிவிட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரமாதமாகக் கழிந்துவிடும்.

முதல் மூன்று சீட்டில் பிரச்னை இல்லை. நாலாவதில்தான் தகராறு வரும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நீண்ட காலம் மூலவர் இல்லாமல் இருந்தது வாஸ்தவம். ஆனால், 1981-ல் லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். இன்று பூஜை, கூட்டம் எல்லாம் உண்டு. 'சாமிதான் வந்துடுச்சே... அப்ப உங்க க்ளூ தப்புதானே? எங்களுக்குப் பாயின்ட் குடுங்க' என்று ஒரு கார்க்காரர் கட்டாயம் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையும் விளையாட்டில் ஒரு பகுதிதான்.

இதற்கு 'ட்ரெஷர் ஹண்ட்' என்று பெயர். காருக்கு நாலு பேர். ஒருத்தர் ஓட்டுவார், ஒருத்தர் வழி சொல்வார், பின்சீட்டில் இரண்டு பேர் மூளையைக் கசக்குவார்கள். ஒரு விடுகதையை அவிழ்த்தால் ஓர் இடம் புலப்படும். அங்கே போனால் அடுத்த விடுகதை காத்திருக்கும். இன்னொரு வகையில் விடுகதைக்குப் பதில் ஒரு பட்டியல் தருவார்கள். பழைய பத்து பைசா, ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு, பெரிய மீசை வைத்த கடைக்காரரோடு ஒரு போட்டோ... எல்லாவற்றையும் முதலில் திரட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பரிசு. கல்லூரிப் பழைய மாணவர்கள், அபார்ட்மென்ட் சங்கம், கம்பெனி ஆட்கள் என்று பலரும் நடத்துகிறார்கள்.

நல்ல விஷயம்தான். எதிர் ஃப்ளாட்காரரின் பெயரே தெரியாமல் வருஷக்கணக்கில் வாழ்கிற நமக்கு, நாலு மணி நேரம் ஒரே காரில் அடைபட்டு 'லெஃப்ட்டா, ரைட்டா' என்று சண்டை போட்டால் சிநேகம் வந்துவிடும். ஆகவே, இது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான். இந்த ஆட்டத்தில் மொத்தம் எத்தனை பேர்?

'பத்து கார், காருக்கு நாலு பேர், ஆக நாற்பது' என்பார் அமைப்பாளர். கணக்கு அத்தனை சுலபமாக முடிகிறதா, பார்க்கலாம்.

*

டச்சுக்காரரான யோஹான் ஹைசிங்கா என்ற வரலாற்றாசிரியர், 1938-ல் விளையாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 'ஹோமோ லூடன்ஸ்' என்று பெயர். விளையாடும் மனிதன் என்று அர்த்தம். அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று, எந்த விளையாட்டுக்கும் தனியாக ஓர் இடமும் நேரமும் உண்டு, அன்றாட வாழ்க்கையிலிருந்து பிரித்து வேலி போட்டதுபோல என்பது.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஹாலந்து வரை போக வேண்டியதில்லை. பம்பரத்துக்கு வட்டம், நொண்டிக்குக் கட்டம், கபடிக்குக் கோடு. கபடியில் எதிராளியின் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினால் கைதட்டுகிறோம். அதையே காட்பாடி பஸ் ஸ்டாப்பில் செய்தால் போலீஸ் வரும். செயல் ஒன்றுதான். நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே வந்தவன், 'என்னைப் பிடிச்சு இழுக்கலாம்' என்று சம்மதம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். கோட்டுக்கு வெளியே நிற்பவன் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆபத்தான விளையாட்டுகளுக்கும் இந்தக் கோடு உண்டு. பொங்கல் வந்தால் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டத்துக் கிராமங்களில் மாடு விடும் விழா களைகட்டும். வீதியின் ஒரு முனையில் காளையை அவிழ்த்து விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில் எருது விடும் விழாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் உயிர் போவதும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனாலும், எந்த ஊரில் என்றைக்கு விழா என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். வீதியின் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டுவார்கள். வேண்டாதவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். போகாமல் இருக்க முடிகிற அந்த வசதிதான் கோடு.

கார் புதையல் வேட்டையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? காட்பாடியில் கிளம்பும் பத்து கார்களுக்கு மைதானம் எது? ஊர்ச் சாலைதான். அதில் நடக்கிறவர்களுக்கு இன்றைக்கு ஆட்டம் என்று யாரும் தண்டோரா போடவில்லை.

*

காட்பாடிச் சாலையில் அப்படி யார் போகிறார்கள்?

ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கும்போது ஒரு தடவை கவனியுங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிறார்கள். கையில் பழைய எக்ஸ்ரே கவர். தோளில் சாய்ந்தபடி ஒரு நோயாளி. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. அதைத் தேடித்தான் வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகளே வங்காள எழுத்தில் இருக்கும். ஜங்ஷனிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிப் போகும் அந்த ஆறேழு கிலோமீட்டர், அவர்களைப் பொறுத்தவரை இந்தியாவிலேயே நீளமான சாலை. 2022-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, ஒரு பாலத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே உறைத்தது.

இதே சாலையில்தான் நம் கார் வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது?

'மச்சான், மரமில்லாத மலைன்னு போட்டிருக்குடா... ரைட்ல தெரியுதே, அதுவா?'

'எங்கடா?'

அந்த 'எங்கடா?'வைக் கேட்டவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். மலையைத் தேடி இரண்டு வினாடி திரும்பிப் பார்த்தால் 22 மீட்டர். கபடி மைதானத்தின் நீளமே 13 மீட்டர்தான்.

வேகம்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். சட்டமும் முதலில் அதைத்தான் பிடிக்கிறது. மாநில அரசின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயமோ வேகப் போட்டியோ நடத்தவிடுவதும் அதில் கலந்துகொள்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நாங்க ரேஸ் விடலையே சார், விடுகதைதானே' என்று அமைப்பாளர் சொல்லலாம். 'முதலில் வருபவருக்குப் பரிசு' என்று ஒரு வரி எழுதியவுடனே விடுகதை ரேஸாக மாறிவிடுகிறது.

ஆனால், வேகத்தைவிட நுட்பமான ஒன்று இங்கே பறிபோகிறது. சாலை என்பது தார் மட்டும் இல்லை, எழுதாத ஓர் ஒப்பந்தமும்கூட. 'நீ என்னைப் பார்த்து ஓட்டு, நான் உன்னைப் பார்த்து நடக்கிறேன்.' முன்பின் தெரியாத லட்சம் பேர் தினமும் இதை நம்பித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். விடுகதை அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பின் கண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எதிர்த்தரப்புக்கு இது தெரியாது. அவர் இன்னும் ஒப்பந்தம் அமலில் இருப்பதாக நினைத்துச் சாலையைக் கடந்துகொண்டிருக்கிறார்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 32,825 பேர் பாதசாரிகள். இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் கிட்டத்தட்ட பாதி. அந்த வருஷம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில், 64,105. கார்க்காரருக்குச் சுற்றிலும் தகடு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. நடப்பவருக்கு எதிரே வருபவரின் கவனம் ஒன்றுதான் பாதுகாப்பு. விளையாட்டின் சந்தோஷம் ஒருவருக்கு, அதன் ஆபத்து இன்னொருவருக்கு என்றால், அதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

*

ஆபத்தே இல்லாத பட்டியல் வேட்டையிலும் இந்தக் கேள்வி விடுவதில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1924 வாக்கில் லண்டன் பணக்கார வீட்டு இளவட்டங்கள் ராத்திரி நேரத்தில் கார்களை எடுத்துக்கொண்டு நகரம் முழுக்கத் துப்புத் தேடி அலைந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பரபரப்பாக எழுதின. 1927-ல் பாரிஸில் எல்சா மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, விநோதமான பொருள்களின் பட்டியலைக் கொடுத்து விருந்தாளிகளை ஊர் சுற்றவிட்டார். விருந்து நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். பிறகு அமெரிக்காவிலும் அந்த மோகம் தொற்றியது. அங்கே அப்போது பெரும் பொருளாதார மந்தம். ஒரு பக்கம் வேலையில்லாதவர்களின் வரிசை, இன்னொரு பக்கம் இந்த ஆட்டம்.

1936-ல் 'மை மேன் காட்ஃப்ரே' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. காமெடிப் படம்தான். பணக்கார அக்காவும் தங்கையும் புதையல் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். இருவருடைய பட்டியலிலும் ஓர் அயிட்டம், 'உலகம் மறந்துபோன ஒரு மனிதன்'. ஆற்றோரக் குப்பைமேட்டில் வசிக்கும் காட்ஃப்ரேயிடம் அக்கா வந்து, 'என்னோடு ஹோட்டலுக்கு வா, ஐந்து டாலர் தருகிறேன்' என்கிறாள். அவன் மறுத்துவிடுகிறான். தங்கை அவனிடம் மனுஷியாகப் பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவளுக்காக வருகிறான். விருந்து மண்டபத்தில் ஆட்டுக்குட்டி, பழைய சாமான்களுக்கு நடுவே அவனையும் நிறுத்திச் சரிபார்க்கிறார்கள்.

சிரிப்பு வரும். வந்த கையோடு தொண்டையில் ஏதோ சிக்கும். மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் சொன்னது இந்த இடத்தில் கனமான தத்துவமாகத் தெரிவதில்லை. பார்த்ததுமே புரிந்துவிடுகிறது.

நம் பட்டியலுக்கு வருவோம். 'ஒற்றைச் செருப்பு' என்று எழுதுகிறோம். தோல் தொழிலே மூச்சான பகுதி இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று செருப்புக்கும் தோலுக்கும் பஞ்சமில்லை. ஆகவே பொருத்தமான அயிட்டம்தான். பத்து கார்களும் எங்கே போகும்? சாலையோரம் குடை நட்டு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம். 'அண்ணா, ஒத்தை செருப்பு ஒண்ணு குடுங்கண்ணா, அர்ஜன்ட்!' முதல் கார்க்காரருக்குச் சிரித்துக்கொண்டே தருவார். ஐந்தாவது கார் வரும்போது, தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்கும் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். எட்டாவது காருக்கு அவர், 'இன்னாப்பா நடக்குது இங்க?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், 'நீங்க எங்க லிஸ்ட்ல ஏழாவது அயிட்டம்' என்பதுதான். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால், இது ஒரு நல்ல உரைகல். வெளியாளிடம் விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, அவர் 'முடியாது' என்று சொல்லும் வாய்ப்பையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆட்டம் நடக்கும் என்றால் அது நல்ல ஆட்டம். சொல்லாமல் மறைத்தால்தான் நடக்கும் என்றால், சிரிப்பு யாருடைய செலவில் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

'எல்லாத்துக்கும் இப்படிப் பார்த்தா ஊர்ல ஒண்ணுமே பண்ண முடியாதுங்க. கல்யாண ஊர்வலம் போகலையா? தேர் ஓடலையா? அவங்க என்ன எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா போறாங்க?' என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சமும் தொந்தரவு தராமல் யாரும் வாழ முடியாது. இன்றைக்கு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பத்து நிமிஷம் நிற்கிறேன், நாளைக்கு என் வீட்டுக்கு நீங்கள் நிற்பீர்கள். தேர் வரும்போது வழிவிடுகிறவரே வடமும் பிடிக்கலாம். அது கொடுக்கல் வாங்கல். போதாக்குறைக்குத் தேர் நடப்பவனைவிட மெதுவாக வருகிறது. ரகசியமாகவும் வருவதில்லை. ஆனால், கல்கத்தாவிலிருந்து நேற்று வந்து இறங்கி, கணவரின் ஆபரேஷனுக்கு ரத்தம் தேடி நடக்கும் அம்மாள், என்றைக்கு நம் புதையல் வேட்டையில் கலந்துகொள்ளப்போகிறார்? அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வழியில்லை.

இந்த நியாயத்தை இந்தியாவுக்கே சொல்லித்தந்த மாவட்டம் இது என்பதுதான் விசேஷம். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து, நிலமும் கிணறும் பாழாகின்றன என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் தொழில், பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் என்பதையெல்லாம் நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், சேதம் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படித்தாக வேண்டும்.

தோல் தொழிற்சாலையையும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டையும் ஒரே தட்டில் வைப்பது அதிகம்தான். அளவில் யானைக்கும் எறும்புக்கும் உள்ள வித்தியாசம். கேள்வி மட்டும் ஒன்று. என் பேரத்தில் இல்லாதவன், என் லாபத்தில் பங்கில்லாதவன், அதன் பாரத்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

*

சரி, என்ன செய்யலாம்? ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். பாரத்தை ஆடுகிறவர்கள் பக்கம் நகர்த்தினால் போதும்.

மோட்டார் ராலிகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. டி.எஸ்.டி. என்பார்கள். நேரம், வேகம், தூரம். இத்தனை கிலோமீட்டரை இந்தச் சராசரி வேகத்தில் கடக்க வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவார்கள். தாமதமாக வந்தாலும் மதிப்பெண் போகும், சீக்கிரம் வந்தாலும் போகும். அவசரப்பட்டவன் தோற்கும் பந்தயம்! இதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். 'முதலில் வருபவர்' என்ற வரியை அடித்துவிட வேண்டும். கார்களை ஐந்து ஐந்து நிமிஷ இடைவெளியில் அனுப்பலாம். ஓரமாக வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் கவரைப் பிரிக்கலாம் என்று விதி வைக்கலாம். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் இரண்டையும் வழியிலிருந்தே விலக்கிவிடலாம். ஆட்களைப் பட்டியலில் சேர்க்காமல் இடங்களைச் சேர்க்கலாம். கடைசியில் ஆம்பூர் பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இடங்களுக்கா பஞ்சம்? விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள். அந்தக் கோயிலில் நிழலைக் கொண்டு மணி சொல்லும் கல் ஒன்று இருக்கிறது. அதை ஒரு விடுகதையாக்கிப் பாருங்கள். வெயில் வர வேண்டும், நிழல் விழ வேண்டும், நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே அவசரம் செல்லாது. அந்த ஊர் ஈஸ்வரனுக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். தனியாகப் போன மிளகு வியாபாரிக்கு வழித்துணையாக வந்தார் என்பது தலபுராணம். வழியில் எதிர்ப்படுகிறவர் துணையாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு கோயிலே கட்டி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள்.

வெளியாளை ஆட்டத்துக்கு உள்ளேயே கூப்பிட்டுக்கொள்வது இன்னொரு வழி. மும்பை, சென்னை போன்ற நகரங்களில் பார்வையற்றவர்களுக்கான கார் ராலி நடந்திருக்கிறது. வழிக்குறிப்பு முழுக்க ப்ரெய்ல் எழுத்தில் இருக்கும். பார்வையற்றவர் முன்சீட்டில் உட்கார்ந்து, விரலால் படித்து வழி சொல்வார். ஓட்டுபவருக்குக் கண் இருக்கிறது, ப்ரெய்ல் தெரியாது. அவர் சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள். குறிப்பைத் திரும்பிப் பார்த்தும் பிரயோஜனமில்லை என்பதால், ஓட்டுபவரின் கண் சாலையிலேயே இருக்கிறது. பட்டியலில் பரிதாபத்துக்குரிய அயிட்டமாகப் போயிருக்கக்கூடியவர், அவர் இல்லாமல் கார் நகராது என்ற நிலையில் உட்கார்ந்திருக்கிறார். காட்பாடியில் இப்படி ஒன்று நடத்தினால் நானே பெயர் கொடுப்பேன்.

மற்றபடி, வழக்கமான வேட்டைதான் என்று முடிவு செய்திருக்கும் அமைப்பாளருக்கு ஒரு யோசனை. கவர்களை ஒட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில், அதே வழியில் ஒரு தடவை ஸ்கூட்டரில் மெதுவாகப் போய்வாருங்கள். சாலையைக் கடக்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், எக்ஸ்ரே கவரோடு ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள் எல்லோரையும் முடிந்த மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை உங்கள் நாற்பதோடு கூட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு விதிகளை எழுத உட்காருங்கள்.